ஏழு குறைத்துச் சொன்ன விடை

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம் தெரியும். மணி அடித்தால் இங்கே கேட்கும். ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, தபாலில்தான் அனுப்புவார்கள். எதிர்ச்சாரியில் இருந்து புறப்படும் கடிதம் ஹாம்பர்க் நகரம் முழுவதையும் சுற்றிவிட்டு இரண்டு நாள் கழித்து எங்கள் பெட்டியில் வந்து விழும். என் ஊரான திருவொற்றியூரில் என்றால் டீச்சர் வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்து, "ஏ மகேசு, உங்கம்மாவ நாளைக்கு வரச் சொல்லு" என்று குரல் கொடுத்துவிடுவார். தெருவுக்கே விஷயம் தெரியும், அதோடு முடிந்தது. ஒட்டிய உறையில் எங்கள் தெருவுக்குக் கடிதம் வந்தால், ஒன்று கோர்ட்டிலிருந்து வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் யாரையாவது வேலையை விட்டு நிறுத்தியதாக இருக்கும். அதனால் இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆனபிறகும், பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சிட்ட உறையை நான் உடனே தொட மாட்டேன். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் வசந்த காலத்தில் வந்த கடிதத்தை நான் இரண்டு நாள் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேலேயே வைத்திருந்தேன்.

கணவர் சேகர் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். அப்போது வேறு துறைமுகத்தில் இருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இனியாவுக்கு வீட்டில் 'ஃபெர்டருங்' தேவை, அதற்கான யோசனைகளை இணைத்திருக்கிறோம், பேச வாருங்கள் என்று இருந்தது. ஃபெர்டருங் என்ற சொல் எனக்குத் தெரியும். கீழ் வீட்டுத் துருக்கிக்காரப் பெண்ணின் மகன் ஜெர்மன் சரியாகப் பேசவில்லை என்று அவனைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொல்லும் வகுப்புக்கு அந்தப் பெயர்தான். ஆக, என் மகள் மந்தம் என்கிறார்கள். இணைப்பில் பன்னிரண்டு யோசனைகள். சமையலில் அளக்க விடுங்கள், பேருந்து வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பழைய கடிகாரத்தைப் பிரிக்கக் கொடுங்கள் என்று போயிற்று. கடைசியில் ஒரு வரி: 'விடை சரியா என்று பார்க்காதீர்கள். எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள்.' அதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. என் வீட்டுக்குள் நான் என்ன பார்க்கலாம், என்ன பார்க்கக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?

வகுப்பாசிரியை ஃப்ராவ் பெக்கர் உயரமான பெண்மணி, மெதுவாகப் பேசுவார். எனக்காக இன்னும் மெதுவாகப் பேசினார்.

"வீட்டில் நீங்கள் அவளுக்கு நிறையப் பயிற்சி கொடுக்கிறீர்களா?"

"இல்லை, ஒன்றுமே கொடுப்பதில்லை" என்றேன். குற்றம் சாட்டப்பட்டவள் போல வேகமாகச் சொன்னேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். இனியா 'ஆவ்ஃபெலிக்' என்றார். அதைப் போன வருஷம்தான் கற்றிருந்தேன். ரயில் நிலையத்தில், சந்தேகப்படும்படி யாராவது நடந்துகொண்டால் தெரிவிக்கவும் என்ற பலகையில் அந்தச் சொல் இருந்தது. "என் பெண் என்ன செய்தாள்?" என்று கேட்டேன். குரல் எழும்பிவிட்டது. ஃப்ராவ் பெக்கர் திகைத்துப்போய், இல்லை, இல்லை, நல்ல அர்த்தத்தில், கண்ணில் படும்படி இருக்கிறாள், ஒருவேளை அவள் 'ஹோக்பெகாப்ட்' ஆக இருக்கலாம் என்றார். அப்படியென்றால் மேதை போன்ற குழந்தை என்று அவர் எனக்கு விளக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பள்ளியில் ஒரு நிபுணர் வந்து சோதிப்பார், அதுவரை வீட்டில் இவற்றையெல்லாம் விளையாட்டாகச் செய்யுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்று சொன்னார்.

"ஒரே ஒரு விஷயம். அவள் விடையை மட்டும் எழுதுகிறாள். எப்படிப் போட்டாள் என்று எழுதுவதில்லை."

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தமிழில், என் தங்கை பவானியைப் பற்றி.

நாங்கள் திருவொற்றியூர் விம்கோ நகரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். நைனா மணலியிலிருந்து எண்ணெய் ஏற்றிப் போகும் டேங்கர் லாரியின் டிரைவர். அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போவாள். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கித் திரும்புவாள். பகலில் வீடு எங்கள் இருவருடையது. தொண்ணூற்று ஏழில் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பவானி என்னைவிடப் பத்து வயது சின்னவள், நான்காம் வகுப்பு. கடையில் சாய்ந்தும் கறுத்தும் விழுந்து கெட்டுப்போன தாள்களை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்வார். அவற்றைக் கட்டாகக் கட்டி அவளுக்கு எழுதக் கொண்டுவருவேன். அவள் பின்பக்கத்தில் எழுதுவதைவிட முன்பக்கத்தில் இருப்பதைப் படிப்பதுதான் அதிகம்.

ஒரு நாள் நைனாவின் லாரிக்கான அளவு அட்டவணையை நகல் எடுத்தேன். டேங்கருக்குள் ஒரு கம்பியை இறக்கி, எத்தனை சென்டிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் அட்டவணை அது. கெட்டுப்போன நகல் ஒன்று கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பவானி அதைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, நைனா லாரி வவுறு உள்ளயும் உருண்டையாத்தானே கீது?"

"ஏன்டி?"

"அடியில ஒரு சென்டிக்கு கொஞ்சமா ஏறுது. நடுவுல நெறைய ஏறுது. அப்பால மேல போனா மறுபடி கொஞ்சம். பொட்டி மாதிரி இருந்தா எல்லாத்துக்கும் ஒரே மாதிரில்ல ஏறணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்துப் படித்தவள். அந்த அட்டவணையைக் கையில் வைத்து நகல் எடுத்தவள். எனக்கு அது வெறும் எண்களாகத்தான் தெரிந்தது. மறுநாள் ஓர் எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, மேல்பக்கம் ஓட்டை போட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, ஈர்க்குச்சியை விட்டு விட்டுப் பார்த்தோம். லாரித் தண்ணீர் வருகிற நாட்கள் அவை. ஒரு குடத்துக்குத் தெருவே அடித்துக்கொள்ளும். அதனால் அளந்த தண்ணீரைச் சிந்தாமல் மறுபடி குடத்திலேயே ஊற்றுவோம். பவானி அவள் டின்னுக்கு ஓர் அட்டவணை எழுதினாள். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. சுற்றியிருக்கிற தொழிற்சாலைகளின் சங்கு ஊதும் நேரத்தைக் குறித்துவைத்து, எந்தத் தொழிற்சாலைக் கடிகாரம் முந்துகிறது என்று கண்டுபிடித்தாள். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தைக் குறித்தாள். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு, வேறொரு நாட்டில் பள்ளிக்கூடமே தாளில் அச்சடித்துக் கொடுக்கும் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அதை நாங்கள் 'ஆட்டம்' என்றுதான் சொல்வோம்.

நைனா அந்த அட்டவணைகளைப் பார்த்த அன்று ஆட்டத்துக்கு முதல் அடி விழுந்தது. பவானி பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாடி இது? இத்த எவனாவது பாத்தான்னா, டிரைவரு வூட்லயே அளவு போட்டுப் பாத்துகினு கீறான், எண்ணெய அடிக்கிறான்னு சொல்லுவான். என் பொழப்ப கெடுத்துடாதீங்கடி" என்று கிழித்துப் போட்டார். அவர் ஒரு சொட்டு எடுத்ததில்லை. எடுக்காதவருக்குத்தான் அந்தப் பயம் அதிகம் இருக்கும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முழுப்பரீட்சையில் பவானி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அதுவரை அவள் வகுப்பில் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்தவள், வழிமுறை எழுதாததால். இந்த முறையும் விடைகளை மட்டும்தான் எழுதியிருந்தாள்; ஆனால் தாளைத் திருத்தியது வேறு டீச்சர், மதிப்பெண் போட்டுவிட்டார். வகுப்பு டீச்சர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். நல்ல பெண்மணிதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "விடை மட்டும் கீது. எப்பிடி போட்டான்னு ஒரு வரி இல்ல. நீ ஜெராக்ஸ் கடையிலதானே வேலை செய்றே? எங்க கேள்வித்தாள் அங்கதான் நகல் எடுத்தோம்" என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வித்தாளை நான் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொரு எண்ணம் வந்தது. கெட்டுப்போன தாள்களை நான் பார்த்துப் பார்த்தா கட்டினேன்? அதில் கேள்வித்தாள் ஒன்றும் போயிருந்தால்? வீட்டுக்கு வந்ததும் கட்டுகளையெல்லாம் பிரித்துத் தேடினேன். இல்லை. இல்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒளித்து வைத்துவிட்டாளோ என்றுதான் தோன்றியது. சந்தேகத்தின் குணம் அது. ஆதாரம் கிடைத்தாலும் வளரும், கிடைக்காவிட்டாலும் வளரும்.

பிறகு நான் செய்ததைப் பத்து வருஷம் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு தாளில் பத்துக் கணக்குகளையும் அவற்றின் விடைகளையும் எழுதினேன். எட்டு விடைகள் சரி. இரண்டை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். பதினேழை இருபத்து நான்கால் பெருக்கினால் நானூற்றெட்டு. நான் நானூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன். தொள்ளாயிரத்து முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தால் எழுபத்தெட்டு. எழுபத்தாறு என்று எழுதினேன். அதை நகல் எடுத்துக் கொஞ்சம் கறுப்பாக்கி, கெட்டுப்போன தாள் மாதிரி கட்டுக்குள் செருகி வைத்தேன். "நாளைக்கு உனக்கு நான் பத்துக் கணக்கு வெக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கடையிலிருந்து வந்து அதே பத்தைக் கேட்டேன். பவானி சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். எட்டு சரி. "நானூத்திப் பதினெட்டு" என்றாள். "எழுபத்தாறு" என்றாள்.

எனக்குப் போதுமாக இருந்தது. நைனாவிடம் சொன்னேன். நைனா அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தார். அவள் மறுக்கவில்லை, அழவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். தாள் கட்டு வருவது நின்றது. ஆட்டமும் நின்றது. அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆகி, அதற்கடுத்த வருஷம் கையில் குழந்தையோடு ஹாம்பர்க் வந்து சேர்ந்தேன். பவானி சுமாராகப் படித்து, டிப்ளமா முடித்து, எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நைனா காலமானபிறகு அம்மா அவளோடு இருக்கிறாள். கெட்டிக்காரியாக இருந்தவள் ஒரு தப்பு செய்தாள், அதோடு அடங்கிவிட்டாள் என்பதுதான் என் மனத்தில் பதிந்திருந்த கதை.

இந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் நான் இனியாவைப் பார்த்தேன். ஃப்ராவ் பெக்கரைச் சந்தித்த அன்று மாலை, சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டேன்.

"யாரைப் பாத்து எழுதினே?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரையும் பாக்கலை."

"அப்போ எப்படி வந்தது விடை?"

"வந்தது, அம்மா."

"சும்மா வராது. உண்மையைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு யோசனைகள் அடங்கிய தாள் ஃபிரிட்ஜின் மேலேயே கிடந்தது. ஒன்றிரண்டு முறை செய்யவும் செய்தோம். மாவை அளந்தாள், பேருந்து வழி சொன்னாள். நான் ஒவ்வொரு முறையும் அகராதியைப் பார்ப்பது போல ரகசியமாக விடையைச் சரிபார்த்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் தப்பாகச் சொல்லத் தொடங்கினாள். நிபுணர் வந்து சோதித்தார். இன்னொரு ஒட்டிய உறை வந்தது. வயதுக்கேற்ற சாதாரணக் குழந்தை. ஆசிரியையின் கணிப்பு தவறாக இருக்கலாம். படித்ததும் எனக்கு வந்தது ஏமாற்றமில்லை, நிம்மதி. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னைப் போல வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்த நிம்மதி பரிச்சயமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்கிற நிம்மதி அது.

அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். பவானி இப்போது இரண்டாம் மாடியில் குடியிருக்கிறாள். மணலி ஆலைகளின் நாற்றம் காற்றில் வருகிற நாளில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். இனியாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மொழியும் பாதிதான் புரிந்தது. ஆனால் முதல் நாளே சித்தியிடம் ஒட்டிக்கொண்டாள். பவானிக்கு வார விடுமுறையான ஒரு நாள் மத்தியானம், அம்மா தூங்கிக்கொண்டிருக்க, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பவானி மீன் குழம்புச் சட்டியைக் கழுவியபடி, சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த இனியாவிடம் சும்மா கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு பதினாலு?"

"நூத்தி எழுபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு ஒம்போது?"

"இருநூத்திப் பதினெட்டு."

"அறுபத்திநாலும் அம்பத்தெட்டும்?"

"நூத்திப் பதினஞ்சு."

நான் துணியிலிருந்து தலையை எடுக்காமலே, "அவளுக்குக் கணக்கு அவ்வளவா வராதுடி. அங்க சோதிச்சுப் பாத்துட்டாங்க" என்றேன். பவானி குழாயை மூடினாள். "இனியா, அம்மாச்சி எழுந்துட்டாங்களான்னு பாத்துட்டு வா" என்று அவளை அனுப்பிவிட்டு, ஈரக் கையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவ வேணும்னே தப்பா சொல்லிகினு கீறா."

"இன்னாடி சொல்றே?" எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் வாயில் 'இன்னா' வந்தது.

"கணக்கு தெரியாதவ ஒவ்வொரு தபாவும் ஒவ்வொரு மாதிரி தப்பா சொல்வா. இவ எத்த கேட்டாலும் கரெக்டா ஏழு கம்மியா சொல்றா. நூத்தி எம்பத்ரெண்டு, இருநூத்தி இருபத்தஞ்சு, நூத்தி இருபத்ரெண்டு. மூணுலயும் ஏழு. சரியான விடை தெரியாம அதுல ஏழக் கழிக்க முடியுமா?"

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எனக்கு நேரம் பிடித்தது. மூன்றிலும் ஏழு.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பவானி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நானும் சொல்லிருக்கேனே" என்றாள். "நானூத்திப் பதினெட்டு. மறந்துட்டியா?"

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"அந்தத் தாளப் பாத்தேன்க்கா. உன் கையெழுத்து எனுக்குத் தெரியாதா? ஏழு போட்டு நடுவுல ஒரு கோடு போடுவே. நகல் எடுத்தா அந்தக் கோடு போய்டுமா? மொதல்ல தப்பாத்தான் எழுதிட்டே போலன்னு நெனச்சேன். அப்பாலதான் புரிஞ்சுது, எனுக்கோசரம் வெச்சிருக்கேன்னு."

"தெரிஞ்சும் ஏன்டி அதே விடையச் சொன்னே?"

"நீ அத்தத்தானே எதிர்பாத்துகினு இருந்தே. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. நானூத்தியெட்டுன்னு சொல்லிருந்தா வுட்டுருப்பியா? இன்னொரு தாள் வெப்பே. அப்பால இன்னொண்ணு. டீச்சர் நம்பல, நைனா பயந்தாரு, அது பரவால்ல. ஆட்டம் ஆட நீ ஒருத்திதான் இருந்தே. நீயும் நம்பலன்னா அது இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லியிருப்பேன். பவானி, "அழாத, அம்மா முழிச்சுக்கப் போறா" என்றாள். நான் அழுதது அவளுக்காகவா, பத்து வருஷமாக ஒரு பொய்யைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாழ்ந்த எனக்காகவா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்களே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "யாராண்ட சொல்றது?" என்றாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து சட்டியைக் கழுவப் போனாள்.

மாலையில் அவள்தான் இனியாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். நான் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று கேட்டேன். ரகசியமாகச் சரிபார்ப்பது எனக்குப் பழகிய வேலைதானே. "ஏன் ஏழு?" என்று பவானி கேட்டாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். இனியா சிரித்துவிட்டாள். "ஒண்ணு குறைச்சா அம்மா கண்டுபிடிச்சிருவாங்க. ஏழு தெரியாது." ஹாம்பர்க்கில் நிபுணர் கொடுத்த தாளிலும் ஒவ்வொரு மூன்றாவது கேள்விக்கும் தப்பாகக் குறித்தாளாம். ஏன் என்று சித்தி கேட்டதற்கு, "சரியா சொன்னா யாரைப் பாத்து எழுதினேன்னு கேக்குறாங்க. தப்பா சொன்னா யாரும் ஒண்ணும் கேக்குறதில்லை" என்றாள்.

ஹாம்பர்க் திரும்பியதும் ஃப்ராவ் பெக்கரிடம் போனேன். சேகரும் வருவதாகச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அங்கே போனதும் மறந்துவிட்டது. "நான் நம்பவில்லை. அதுதான் காரணம்" என்றேன். நம்பிக்கைக்கும் மதத்துக்கும் அங்கே ஒரே சொல். அவர் மிகவும் மரியாதையாக, மதம் உங்கள் சொந்த விஷயம், பள்ளி அதில் தலையிடாது என்றார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மறுபடி ஆரம்பித்தேன். "கடவுளை இல்லை. என் மகளை." அவர் பேனாவைக் கீழே வைத்தார். பவானியின் கதையை என் உடைந்த ஜெர்மனில் முழுவதும் சொன்னேன். முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: "சோதனை இன்னொரு முறை வைக்கலாம். ஆனால் எப்போது என்று அவள் சொல்லட்டும்." எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் மனத்தில் வேறு ஏதோ கணக்கு இருக்குமோ என்று அப்போதும் எனக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறேன். சுங்கத்தில் அதைப் பிடித்துவைக்க யாரும் இல்லை.

இனியாவிடமும் கேட்டேன், மன்னிப்புத்தான். அவள் லெகோ கட்டைகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, "இப்போ என்னை சோதிக்கிறியா, அம்மா?" என்றாள். இல்லை என்றேன். சரி என்றாள். அந்தச் 'சரி'யில் எத்தனை குறைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த பிப்ரவரியில் அவளே போய், சோதனைக்குத் தயார் என்று ஃப்ராவ் பெக்கரிடம் சொன்னாள். எங்களிடம் பிறகுதான் சொன்னாள். ஆசிரியை முதலில் கணித்தது சரிதான் என்று இந்த முறை கடிதம் வந்தது. இனி அவளுக்கு வாரம் ஒரு நாள் வேறு பள்ளியில் தனி வகுப்பு. வீட்டில் செய்ய வேண்டியவை என்று இன்னொரு நீளமான பட்டியல். அதை நான் செய்வதில்லை. செய்யும் உரிமையை இழந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னைக் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அங்கே மத்தியானம், பவானி யார்டிலிருந்து தன் இடைவேளையில் பேசுவாள். அந்த அழைப்பு இனியாவுக்குத்தான். இனியா அறைக்கதவைப் பாதி சாத்திக்கொள்வாள். மேடையில் ஏறும் லாரியின் முன் அச்சு எடையை மட்டும் சித்தி சொல்ல, மொத்த எடை என்னவாக இருக்கும் என்று இவள் யோசிப்பாள். இவள் எங்கள் ஜன்னலில் தெரியும் ரயிலில் இத்தனை பெட்டி என்று சொல்ல, அவள் அங்கிருந்து அதன் நீளத்தைச் சொல்வாள். நான் காபிக் கோப்பையோடு நடைவழியில் நிற்பேன். போன ஞாயிற்றுக்கிழமை தரைப்பலகை காலடியில் முனகிவிட்டது. உள்ளே பேச்சு நின்றது. ஸ்பீக்கரில், லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "இன்னா, உங்கம்மா வந்துட்டாளா?" என்று பவானியின் குரல் கேட்டது. இனியா கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். கோபமில்லை. யாரென்று பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், "இல்ல சித்தி. நீ சொல்லு, எல்லாம் கரெக்டா கீது" என்றாள்.

அந்தக் 'கீது'வை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, நாலு பேர் முன்னால் வந்துவிடுமோ என்று பயந்து, நாக்கிலிருந்து நானே தேய்த்து எடுத்த சொல் அது. ஹாம்பர்க்கில் வளர்ந்தவள் கதவுக்கு உள்ளே அதைச் சரளமாகப் பேசுகிறாள். விம்கோ நகரில் பிறந்தவள் கதவுக்கு வெளியே, காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல், ஒரு பக்கம் தன் ஊரையும் இன்னொரு பக்கம் ஜெர்மனில் பேசும் தெருவையும் கேட்டபடி நிற்கிறாள்.